ஏழாவது கட்டம்

மூன்று பத்திகள் வந்திருக்கின்றன.
முதல் பத்தியில் ஜப்பானியப் பெயர்கள்,
இரண்டாவதில் இங்கிலீஷ்.
மூன்றாவது எனக்காகக் காலியாக இருக்கிறது.
காட்பாடி, டயர் கடைக்கு மேல் மாடி,
மே மாதம். ஃபேன்
வெந்நீரை மொண்டு ஊற்றுவதுபோல் காற்றை ஊற்றுகிறது.

பதினோராம் வரியில் அவன்.
சிவப்புத் துண்டு, ஒற்றைக் கத்தி.
இருபத்துமூன்று வருஷமாகப் பார்க்காத முகம்.
இங்கிலீஷில் பர்னர்.

கொசப்பேட்டைச் சந்தில், இம்தியாஸ் வீட்டு முன்னறையில்,
அரை மணிக்கு மூன்று ரூபாய்.
பர்னர் என்றால் எங்களுக்குத் தெரிந்தது
அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்துவது.
ஆகவே அவன் பெயர் அடுப்பு.
அடுப்பு, குதி!
அடுப்பு செத்துட்டான்டா, என் சான்ஸ்!
யாரையும் கேட்காமல் வைத்தோம்,
அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் இடித்தது.
அவன் கத்தியைச் சுழற்றினால் நெருப்பு வராது,
நீலமாய் நீர்க்கோடுகள் சாய்ந்து விழும்.
ஏன்டா என்றேன்.
பால் பொங்குது, என்றான் இம்தியாஸ்.
இத்தனை வருஷம்
அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

இன்றைக்கு முதல் பத்தியைப் படிக்கிறேன்:
யூதாச்சி.
பக்கத்தில் யாரோ போட்ட குறிப்பு:
வெயில்காலத்துச் சாயங்காலம்
சொல்லாமல் வந்து கொட்டிவிட்டுப் போகும் மழை.

கடல் தாண்டும்போது யாரோ
துண்டின் நிறத்தை மட்டும் பார்த்து
மழையைக் கொளுத்திவிட்டார்கள்.

வில்லனுக்கு அங்கே ஒகாதா.
நம் பக்கத்து முனுசாமி மாதிரி,
ரேஷன் கடை வரிசையில் கூப்பிட்டால்
நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர்.
இங்கிலீஷில் அவன் மாமன்னன் கிராக்தார்.
பக்கத்து வீட்டு ஆள் ஊரை விழுங்குகிறான்
என்பதல்லவா கதை?

நானும் பெயர் வெட்டுப்பட்டவள்தான்.
முதலிடம் வந்தால் பெயர் எழுத
அந்தப் பெட்டி மூன்று கட்டம் கொடுக்கும்.
அப்பா வைத்தது எழிலி, மேகம்.
இடம் இருந்த அளவுக்கு
ஈ, எல், ஐ என்று அடித்தேன்.
நவ்ஷாத் உரக்கப் படித்தான்: எலி!
பத்தாவது முடிகிறவரை
கொசப்பேட்டையில் நான் எலி.

இங்கேயும் கட்டம் உண்டு. ஆறு.
கோடைமழை என்று அடித்தேன். சிவப்பு.
நமக்கு நாலெழுத்து. இந்த இயந்திரம்
கொம்பையும் ஓர் எழுத்தாக எண்ணி
ஏழு என்கிறது.
யூதாச்சி, எட்டு.
பர்னர், இரண்டு புள்ளியையும் சேர்த்துச்
சரியாக ஆறு. பச்சை.
சும்மா எழிலி என்று அடித்துப் பார்த்தேன்.
ஐந்து. பச்சை.
அழித்தேன்.

இம்தியாஸுக்குப் போன் போட்டேன்.
ஆம்பூரில் இருக்கிறான், ஷூ கம்பெனியில் பேக்கிங்.
இன்னா எலி, என்றான்.
முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.
"இங்க தெச்ச ஷூவுக்கு
தெனம் ஆயிரம் ஜோடி இத்தாலிப் பேர் ஒட்றேன்.
ஒண்ணுகூட அழுவல.
நீ அடுப்புன்னே போடு,
அவன் திரும்பிப் பார்ப்பான்."

அடுப்பு. எண்ணிப் பார்த்தேன்.
அதுவும் ஏழு.

ஐந்தரை மணிக்குப் பாலாற்றுக்கு அந்தப்பக்கம் கறுத்தது.
டயர்க்காரர் வெளியே அடுக்கியதை உள்ளே தள்ளினார்.
ஆறு மணிக்கு
மறுபடி வெளியே அடுக்கினார்.

பத்தியைக் காலியாக விட்டுவிட்டுக்
கம்பெனிக்கு எழுதினேன்:
பதினோராம் வரிக்கு
இன்னும் ஒரு கட்டம் வேண்டும்.
ஒன்றே ஒன்று. ஏழு போதும்.

எந்தப் பெயருக்கு என்று கேட்டிருக்கிறார்கள்.
இன்னும் பதில் போடவில்லை.